உப்பில்லா ரொட்டி

அந்தத் தட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவைப் பிசைந்த சோறு. எங்கள் டைகர் ஒருமுறை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிழட்டு நாய்க்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது, உப்பும் கருவாடும் கூடவே கூடாது, ஆனால் சாப்பிடாமல் கிடந்தால் பிழைக்காது என்று லிந்துலை மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். அவனோ தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. அவனைக் குட்டியிலிருந்து வளர்த்த என் அண்ணிக்கு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதே நினைவில் இல்லை.

அவனைக் கெடுத்ததே எங்கள் பாசந்தான். தினமும் எங்களோடு தேயிலை மலைக்கு வந்துவிடுவான். பகலில் கொழுந்து பறிப்பதை நிறுத்தி வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் ரொட்டியை ஒருவர் பிய்த்துத் தின்போம். டைகருக்கும் ஆளுக்கொரு துண்டு, அதுவும் உப்பும் உறைப்புமான தேங்காய்ச் சம்பலில் தோய்த்து! வைத்தியர் சொன்னதை அண்ணி எங்கள் லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டுச் சொன்ன பிறகு யாரும் கொடுக்கவில்லை. அவன் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு வெறும் வாயோடு படுத்துக்கொண்டான். எங்களுக்கும் ரொட்டி இறங்கவில்லை.

அப்போதுதான் அண்ணிக்குப் பொறி தட்டியது. "அவனுக்கு சோறு புடிக்காம இல்லடி. தனியா திங்க சொல்றோமே, அதுதான்! நாளைக்கு எல்லாரும் உப்பு போடாம ரொட்டி சுட்டுக்கிட்டு வாங்க. சம்பலும் வேணாம்."

"நாய்க்காக நாங்க பத்தியம் இருக்கணுமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். மறுநாள் முதல் ஆளாகப் பொட்டலத்தைப் பிரித்தது அவர்தான்.

அண்ணி ஒரு வாய் கடித்து, அமிர்தம்போல முகத்தை வைத்துக்கொண்டு, மிச்சத்தை நீட்டினார். டைகர் முகர்ந்தான். நாங்கள் மூச்சுவிடவில்லை. லபக்! அடுத்து அக்காவிடம் போனான். அடுத்து என்னிடம்! நாங்கள் போட்ட கூச்சலில் கீழே நின்ற கங்காணி, "குளவி கொட்டிருச்சா?" என்று பதறி ஓடிவந்தார்.

"டைகர் சாப்பிட்டுட்டான், கங்காணி!" அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். கங்காணியும் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டார். அவர் முகம் போன கோணலைப் பார்த்து மலையே சிரித்தது.

அதன்பின் அவன் இருந்தவரை எங்கள் வட்டத்துக்குள் சம்பல் வரவில்லை. ஆசை தாங்காதவர்கள் தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒளிந்து தின்றோம். போன வருடம் டைகர் அண்ணியின் மடியிலேயே போய்விட்டான். மறுநாள் பகலில் வழக்கம்போல உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தோம். ஒருத்தியும் உப்புப் போட்டிருக்கவில்லை.