சரக்கு வண்டி பாலம் தாண்டுற வரைக்கும்

ஏழு. இந்த எண்ண மனசுல வச்சுக்குங்க. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். 1934ல அதோட சுவத்துல தொங்கின பிரம்பு ஏழு.

டீச்சர் மீனலோசனி, யாழ்ப்பாணத்துக்காரங்க. திடீர்னு ஒரு நாள் பாடத்துக்கு முன்னால பிள்ளைங்கள கண்ண மூடி உக்கார வச்சாங்க, தானும் உக்காந்தாங்க. அன்னியிலருந்து தினமும் காலைச் சரக்கு வண்டி பாலம் தாண்டுற வரைக்கும் பேச்சு கிடையாது. மூச்சு வர்றதையும் போறதையும் கவனிக்கணும், அவ்வளவுதான்.

நம்ம சனத்துக்குப் பள்ளிக்கூடம்னா கூச்சல். ரோட்டுல போறவன் காதுல வாய்ப்பாடு விழுந்தாத்தான் படிப்பு நடக்குதுன்னு அர்த்தம். சத்தம் நின்னுச்சு. மாரியாயியோட மக அங்கதான் படிக்குது. அந்தம்மா குழாயடியில ஆரம்பிச்சாங்க: "டீச்சர் சம்பளம் வாங்கிட்டுத் தூங்குது. பிள்ளைங்களுக்கும் அதையே சொல்லிக் குடுக்குது."

பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் கன்னையா, ரயில்வே மண்டோர், அதாவது கூலியாளுங்களுக்கு மேஸ்திரி. கையும் களவுமா பிடிச்சு டீச்சர வேலைய விட்டுத் தூக்குறேன்னு கிளம்பினார். அங்க என்னதான் நடந்துச்சுன்னு தெரியாம எனக்கு இருப்புக் கொள்ளல. பிறகு மண்டோரையும் டீச்சரையும் தனித்தனியா கேட்டேன். ரெண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போச்சு.

மண்டோர் நுழைஞ்சார். ஒருத்தரும் எந்திரிக்கல. வணக்கம் இல்ல. ஒரு பிரம்ப உருவிக்கிட்டு முன்வரிசைக்குப் போனார். டீச்சர் கண்ணத் திறந்தாங்க.

"ஐயா, வண்டி பாலம் தாண்டட்டும். நீங்களும் இருங்கோ. பிறகு அடியுங்கோ."

"யாருகிட்ட பேசுறீங்க தெரியுமா?"

"தெரியும். இருங்கோ."

உக்காந்தார். சின்னப் பெஞ்சு, முட்டி தாடைய இடிச்சுது. அன்னிக்குன்னு பார்த்து வண்டி லேட்டு. ரயில்வேக்காரரு, யாரைத் திட்டுறது? சும்மா இருந்தார். வண்டி போனப்ப கையில பிரம்பு இருந்துச்சு, கோவத்தக் காணோம்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"முதல்ல எனக்குத்தான், ஐயா. கோபம் வந்தா கை தானாப் பிரம்புக்குப் போகும். ஒரு பிள்ளையின்ர விரல் வீங்கிப் போச்சு. அண்டைக்குத் தொடங்கினனான்."

மண்டோர் பிரம்பக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு எந்திரிச்சார்.

"வேலையில இருங்க. ஆனா வண்டி போனதும் வாய்ப்பாட்ட ரோட்டுக்குக் கேக்குற மாதிரி கத்த விடுங்க. இல்லன்னா மாரியாயி என்னைத் தின்னுடும் லா."

அந்தப் பிரம்ப அவரு திருப்பி மாட்டல, கையோட கொண்டு போயிட்டார். மீதி ஆறு. வருஷக் கடைசில உள்ள போய்ப் பார்த்தேன். மத்ததெல்லாம் எங்க போச்சுன்னு நான் கேக்கல.

சுவத்துல பிரம்பு: ஒண்ணு.