வாக்கியத்தின் வால்

1. ஏரல் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை, என் பெரியம்மா மகள், தன் வகுப்பை வந்து பார்க்கச் சொன்னார்.
2. பார்த்தேன்.
3. பார்த்ததைச் சொன்னேன்.
4. ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.
5. பிறகு அவரே கூப்பிட்டார்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளைப் பெற்றோர் வேன் வரும் தனியார் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். மூன்றாவதாக ஒரு சிறுமியின் தாயும் டிசி கேட்டு வந்துவிட்டார். "வீட்டுல எதைக் கேட்டாலும் பிள்ளை முழிக்குது" என்பதே எல்லோரும் சொன்ன புகார். அக்காவுக்கு அது புரியவில்லை. வகுப்பில் நன்றாகத்தான் பதில் வந்தது.

நான் வீட்டிலிருந்தே மென்பொருள் சோதிக்கும் வேலை பார்ப்பவள். "குத்தம் கண்டுபிடிக்கத்தான கம்பெனிக்காரன் உனக்குச் சம்பளம் குடுக்கான்? எனக்குச் சும்மா கண்டுபிடிச்சுச் சொல்லுட்டி" என்றார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாடம் எங்கள் ஆறு.

"தாமிரபரணி பொதிகை மலையில் உற்பத்தி…"

"ஆகிறது!" என்று வகுப்பு முழங்கியது.

"மன்னார் வளைகுடாவில் கலக்…"

"கிறது!"

இடைவேளையில் சொன்னேன். "அக்கா, வாக்கியம் பூரா நீங்கதான் சொல்லுதீங்க. பிள்ளைகள் வாலை மட்டும் சொல்லுது."

"ஏட்டி, சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். நீ வாலுன்னு சொல்லுத!"

"ஒரு பிள்ளையத் தனியாக் கேட்டுப் பாருங்க."

எல்லாரையும்விட உரக்கச் சொன்னவள் அந்த டிசி சிறுமிதான். அவளையே கூப்பிட்டார்.

"தாமிரபரணி எங்க உற்பத்தி ஆகுது?"

அவள் யோசித்தாள். "ஆகிறது டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. "நீ கெளம்பு" என்றார்.

ஒரு வாரம் கழித்துப் போனில் எடுத்த எடுப்பில் சொன்னார். "இன்னைக்குக் கேள்வியக் கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு நின்னேன். வகுப்பே கப்சிப்புன்னு ஆயிட்டு."

"யாருமே சொல்லலையா?"

"அவதான் சொன்னா, அந்த 'ஆகிறது'. குத்தாலத்துல உற்பத்தியாகுதுன்னா."

"தப்பாச்சே அக்கா."

"தப்புதான். ஆனா முழுசாச் சொன்னாளா இல்லையா? வெள்ளிக்கிழமை வா."

இப்போது வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். வகுப்பில் சத்தம் குறைந்திருக்கிறது. அக்கா இன்னமும் சில வாக்கியங்களைப் பாதியில் நிறுத்துகிறார். கடைசி பெஞ்சில் இருக்கும் என்னை ஒரு தடவை முறைத்துவிட்டு, அதையே கேள்வியாக்கி ஒருவரிடம் கேட்கிறார். போன இரண்டு பிள்ளைகளும் திரும்பவில்லை. சிறுமியின் தாய் காலாண்டுத் தேர்வு வரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தேர்வு இன்னும் வரவில்லை.