தாமரைச்செல்விக்காக ஒரு விண்ணப்பம்

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் டிவி இல்லாத வீடு கிடையாது. அப்படியிருந்தும் ஏழு மணி சீரியல் தொடங்கும் நேரத்துக்கு ஆறேழு பெண்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து உட்காருவார்கள். சீரியலை அவரவர் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அதைப் பற்றி என் அத்தை சொல்லும் அபிப்பிராயங்களைக் கேட்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். மற்ற வீடுகளில் விளம்பரம் வந்தால் உலை வைக்க எழுந்து போவார்கள். எங்கள் வீட்டில் அப்போதுதான் சத்தம் கூடும்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். நண்டுக் கம்பெனியில் நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை அவளுக்கு. வேலை முடிந்து வந்து குளித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள் என்றால் விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். படுக்கும்போதும் பட்டுச்சேலையும் ஒட்டியாணமுமாகப் படுக்கிற மாமியார்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "புரண்டு படுத்தா குத்தாதா இவளுக்கு?" என்பாள். அடுப்படியில் நாலு பேர் நின்று சதி செய்கிறார்களே, அதில் ஒருத்தியாவது ஒரு வெங்காயம் உரிக்கிறாளா என்பது அவளுடைய இன்னொரு குறை. ஒரே முகத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிக் காட்டினால், "பாத்தாச்சு, பாத்தாச்சு, மேல போ" என்று டிவியை விரட்டுவாள். எனக்கு அப்போது பத்து வயது. அவளைவிட விவரம் தெரிந்த ஆள் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் ஏழு மணி சீரியலின் நாயகி தாமரைச்செல்வி. அவள் கணவன் சென்னையில் ஒரு கம்பெனியில் மேனேஜர். கூட வேலை பார்த்த ஒருத்தியோடு தனிவீடு எடுத்துப் போய்விட்டான். தெரு முழுவதும் ஒரே தீர்ப்பாக இருந்தது. அவன் திரும்பி வந்தால் விளக்குமாற்றால் நாலு போட்டு அனுப்ப வேண்டும் என்றார் பக்கத்து வீட்டுச் சித்தி. அத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"அவன் வருவான். வாரதுக்கு வெக்கமா இருக்கும், அதான் சுணங்குறான். ஒரு ஆம்பள தப்புப் பண்ணிட்டு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறது லேசுப்பட்ட காரியமா?"

அவள் இப்படிச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள். அத்தையின் கணவர், என் மாமா, கேரளப் பக்கம் படகில் வேலைக்குப் போய் இரண்டு கிறிஸ்துமஸ் தாண்டியிருந்தது. முதலில் போன் வந்துகொண்டிருந்தது, பிறகு நம்பர் மாறியது. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாக ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சொல்லப்பட்டது வேறு. மாமா நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் பெரிய படகில் இருக்கிறார், அங்கே சிக்னல் கிடைக்காது என்று சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் கரையே வராத படகு எப்படி இருக்கும் என்று நான் வியந்ததுண்டு, சந்தேகப்பட்டதில்லை.

இந்தச் சமயத்தில் தாமரைச்செல்வியின் கணவனாக நடிக்கிறவர் ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையைத் திறந்து வைக்க வந்தார். எங்கள் தெருப் பெண்கள் ஒரு வேன் பிடித்துப் பாலம் தாண்டிப் போனார்கள். நானும் அத்தை மடியில் உட்கார்ந்து போனேன். கடை வாசலில் நிற்க இடமில்லை. அவரைத் திட்டித் தீர்ப்பேன் என்று வேனில் சபதம் போட்டுக்கொண்டு வந்த சித்தி, அவர் கையசைத்ததும் போனை நீட்டிக்கொண்டு, "சார், இங்கன, இங்கன பாருங்க" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். அத்தை போட்டோ எடுக்கவில்லை. இடித்துப் பிடித்து முன்னே போய், இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, வீட்டுக்குப் போயிருங்க. ஒண்ணும் சொல்ல மாட்டா. அந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்கு."

அவருக்கு இதெல்லாம் பழக்கம் போலிருக்கிறது. "கண்டிப்பா போறேன்மா" என்று சிரித்துவிட்டு அடுத்த கையைப் பிடிக்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது வேன் முழுவதும் அத்தையைக் கேலி பண்ணிச் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அவர் வாக்குக் கொடுத்ததை அவள் விடவில்லை. மூன்று வாரம் கழித்தும் சீரியலில் அவன் அந்தத் தனிவீட்டிலேயே காபி குடித்துக்கொண்டிருந்தான். "நடிகன் வாக்கை நம்பலாமா மதினி?" என்று அம்மா கேட்டாள். "அப்ப அந்தோணியார்கிட்டதான் போகணும்" என்றாள் அத்தை.

எங்கள் ஊர்க் கோயிலில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தோணியார் நவநாள் ஜெபம். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அவர் கெட்டிக்காரர். வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், ஜெபம் நடத்தும் உபதேசியார் ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் வாசிப்பார், எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லி ஜெபிப்போம். நண்டு ஓடு கீறிக் கீறி அத்தையின் விரல்கள் பேனா பிடிக்க வளையாது. அதனால் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாள். கையெழுத்துக்கு வகுப்பில் பரிசு வாங்கியவள் நான். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"தாமரைச்செல்வியின் கணவர் மனம் திரும்பி வீடு வந்து சேர வேண்டும்னு எழுது. எழுதிட்டியா? கடலில் அவருக்கு ஒரு ஆபத்தும் வராமல் காக்க வேண்டும். அதையும் எழுது."

நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். "அத்தை, அவரு மேனேஜர். கடலுக்கே போகலையே."

"எழுது புள்ள" என்றாள் அத்தை.

எழுதினேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. என் கையெழுத்தில் இப்படி ஒரு தப்பு, அதுவும் அந்தோணியார் முன்னால், ஊரே கேட்க. அத்தைக்குச் சீரியலில் எல்லாம் தெரியும், இதில் மட்டும் எப்படியோ குழம்பிவிட்டாள் என்று எனக்குள்ளேயே முடிவு செய்தேன். அடித்துத் திருத்தினால் சீட்டு அசிங்கமாகிவிடும். அவள் அடுப்படிக்குப் போன நேரத்தில் வேறொரு தாளில், கடலை விட்டுவிட்டு, முதல் வரியை மட்டும் அழகாக எழுதினேன். பழைய தாளைக் கிழித்துப் போட்டேன்.

உபதேசியார் சீரியல் பார்க்காதவர். குழந்தை வரம் கேட்ட ஒரு வீடு, இலங்கைச் சிறையிலிருக்கும் மகனுக்காக ஒரு வீடு என்று வாசித்துக்கொண்டே வந்தவர், அதே குரலில், தாமரைச்செல்வியின் கணவர் மனம் திரும்பி வீடு வந்து சேர வேண்டும் என்று வாசித்தார். கோயிலில் பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அத்தை தலையை லேசாக முன்னால் நீட்டி மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பது போல. உபதேசியார் அடுத்த சீட்டைப் பிரித்துவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள். "ஏ புள்ள, கடல் வரியக் காணோமே?"

"தப்பா இருந்துச்சு அத்தை. நான் எடுத்துட்டேன்" என்றேன், பாராட்டுவாள் என்று எதிர்பார்த்து.

அவள் என் தலையில் கையை வைத்து, "சரித்தான்" என்றாள்.

ஒரு மாதத்தில் தாமரைச்செல்வியின் கணவன் திரும்பி வந்தான். மழையில் நனைந்து வாசலில் நின்றான். முகத்தை மூன்று தடவை காட்டினார்கள், அன்றைக்கு அத்தை விரட்டவில்லை. எங்கள் வீட்டில் கைதட்டல். "மதினி வேண்டுதல் பலிச்சிருச்சு" என்று சித்தி அத்தையைக் கட்டிக்கொண்டார். எட்டு மணி சீரியலுக்கும் ஒரு சீட்டு போடச் சொல்லிக் கேட்டார்கள். அத்தை எல்லோருக்கும் பதில் சொல்லிச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடிப் பார்த்தேன். கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

மாமா வரவில்லை. கடைசி வரை வரவில்லை. அந்தச் சீட்டைத் தன் பெயரில் போட்டிருந்தால் கோயிலே அத்தையைத் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டியிருக்கும். சீரியல்காரி பெயரில் போட்டதால் சிரித்ததோடு விட்டுவிட்டார்கள். அவள் சிரிப்பைத் தாங்கிக்கொண்டாள். அவள் கேட்டதிலேயே மாமாவுக்கென்று மட்டும் இருந்த ஒரே வரியை நான் கிழித்துப் போட்டிருந்தேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது. அன்றைக்கு எனக்கு வேறு வருத்தம்.

சீரியலில் அவன் வந்த அடுத்த செவ்வாய்க்கிழமையும் அத்தை நவநாளுக்குக் கிளம்பினாள். என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கேட்டு வாங்கினாள். நான் பேனாவோடு போய் நின்றேன். அவள் எழுதச் சொல்லவில்லை. வெற்றுத் தாளை நாலாக மடித்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள்.

"அவருதான் வந்துட்டாரே, இன்னும் எதுக்கு அத்தை? அதுவும் ஒண்ணும் எழுதாம?"

"இவருக்கு எழுதிக் குடுத்துத்தான் தெரியணுமா?" என்று அந்தோணியாரைப் பார்த்துச் சொன்னாள்.

உபதேசியார் அந்தச் சீட்டைப் பிரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ செவ்வாய்க்கிழமைகளில் இப்படியே நடந்தது. என் கையெழுத்து அத்தைக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த லீவு முழுவதும் இரட்டைக் கோடு நோட்டில் எழுதிப் பழகினேன்.