பொட்டுவின் வாயில் ஒரு நேர்கோடு

1993 மே 12, புதன்கிழமை. காலை 5.50க்கு எழுந்தேன். அம்மாவுக்கு அடிபம்பில் ஏழு குடம் தண்ணீர் அடித்துக் கொடுத்தேன். 6.30க்குப் பால். 7.10க்குப் பொட்டுவுக்குச் சாதமும் காரப்பொடி மீனும் வைத்தேன். சாப்பிடவில்லை. இன்றோடு மூன்று நாள்.

அப்பா தன் அலுவலகத்தில் மிஞ்சிப்போன டைரி ஒன்றை அந்த ஆண்டு எனக்குக் கொடுத்திருந்தார். பத்து வயதில் பிடித்த பழக்கம் இன்றுவரை விடவில்லை. அந்த டைரியின் அட்டை போய்விட்டது. பென்சில் எழுத்து மட்டும் இன்னும் படிக்கும்படி இருக்கிறது. ஆகவே இங்கே நான் சொல்லும் நேரங்களில் பிசகு இராது. காரணங்கள்தான் எனக்குப் பின்னால் தெரியவந்தவை.

ராயப்பேட்டையில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் அப்போது குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, பிறகு பொட்டு. சாம்பல் நிறத்தில் வரி போட்ட பூனை அது. நெற்றியில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்ததால் அந்தப் பெயர். கீழே வீட்டுக்காரம்மா இருந்தார். வாடகைக்கு விட்டது மாடியை மட்டும்தான், மாடிப்படியை அல்ல என்பது அவருடைய உறுதியான கருத்து. பொட்டு அந்தப் படிகளில்தான் பகல் முழுவதும் படுத்திருக்கும்.

பூனை ஏன் சாப்பிடவில்லை என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அப்பா வெயில் என்றார். அம்மா திமிர் என்றாள். "மகாராணிக்குக் காரப்பொடி எறங்கலியாம். வஞ்சிரம் வாங்கியாரச் சொல்லு உங்கப்பாவ" என்று தட்டை நகர்த்தி வைத்தாள். என்னிடம் காரணம் எதுவும் இல்லை. அதனால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டின் சத்தம் கேட்டதும் பொட்டு ஓடி வந்தது. ஆகவே பசி இருந்தது. மீனை வாயில் எடுத்தது, உடனே கீழே போட்டது. முன்னங்காலால் கன்னத்தை இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்துக்கொண்டது. பிறகு பின்பக்கமாகவே நாலடி நடந்தது. தன் வாயை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பிக்கப் பார்ப்பது போல் இருந்தது எனக்கு. தாடையில் நூல் நூலாக எச்சில் தொங்கியது. இவ்வளவையும் எழுதி, கடைசியில் "ஏன்?" என்று போட்டு இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்.

பதினொரு மணிக்கு அந்த எச்சிலை வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார். படியின் கீழே நின்று மேலே பார்த்துக் கத்தினார்.

"இந்தாம்மா! உங்க பூனைக்கு வாயெல்லாம் ஜொள்ளு ஊத்தினுகீது, பாத்தியா இல்லியா?"

"வெயிலுக்கும்மா" என்றாள் அம்மா, அப்பாவின் காரணத்தைக் கடன் வாங்கி.

"எனக்குந்தான் வெயிலு. நான் இன்னா ஜொள்ளு வுட்டுனா கீறேன்? அதுக்கு வெறி புடிச்சிக்கீது. பேரப் பசங்க லீவுக்கு வர்ற நேரம். நாளைக்குக் காலைல அது இங்க இருக்கக் கூடாது, ஆமா. கோணில போட்டு எங்கனா வுட்டுட்டு வரச் சொல்லு உங்க ஊட்டுக்காரர."

மாலை 5.45க்கு அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டு, சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். மாட்டாஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. அந்த நேரத்துக்கு மூடியும் இருப்பார்கள். வேறு வீடு பார்ப்பது ஒரு நாளில் நடக்கிற காரியமும் அல்ல. விடிந்ததும் முதல் பஸ்ஸில் திருவான்மியூர் கடற்கரைக்குக் கொண்டுபோய் விடுவது என்று தீர்மானித்தார். "அங்க மீனுக்குப் பஞ்சமே இல்லம்மா" என்று என் தலையைத் தடவினார். இங்கேயே மீன் இருக்கிறது, அதால் சாப்பிடத்தான் முடியவில்லை என்றேன். அம்மா பரணிலிருந்து அரிசிக் கோணியை எடுத்து உதறினாள்.

மாமா 6.20க்கு வந்தார். அவருடைய தொழிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் பல் செட் செய்யும் ஒரு லேபில் அவர் வேலை பார்த்தார். நகத்திடுக்கில் எப்போதும் பல் அச்சில் ஊற்றும் வெள்ளை பிளாஸ்டர் மாவு இருக்கும். தெருவில் அவரை "டாக்டர் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். பல் வலி என்றால் வீடு தேடி வந்து கன்னத்தைக் காட்டுவார்கள். மாமா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார். எல்லோருக்கும் உப்புத் தண்ணீர்தான். அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் எழுந்ததில்லை.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பொட்டுவின் தொல்லை வாயில்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. டைரியைப் பிரித்துக் காண்பித்தேன். நின்றபடியே படித்தார். பிறகு என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன். உங்கம்மாகிட்ட போட்டுக் குடுக்காத. நான் இதுவரிக்கும் உசுரோட கீற எந்த வாயிக்குள்ளயும் வெரல வுட்டதே இல்ல."

"அப்ப நீ டாக்டர் இல்லையா?"

"டாக்டரு அச்சு எடுத்து அனுப்புவாரு. அதுல மாவ ஊத்தினா வாய் வந்துரும். அந்த மாவு வாயப் பாத்துதான் நான் பல்லு கட்றேன். அத குடு, எங்க இன்னா கோளாறுன்னு கண்ண மூடினு சொல்றேன். நெஜ வாயக் காட்னா எனக்கு ஒண்ணும் தெரியாது."

நான் யோசித்தேன். "அப்ப பொட்டுக்கும் அச்சு எடேன்."

மாமா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே போய்த் தன் பையைத் துழாவினார்.

அதில் ரோஸ் நிற மெழுகுத் தகடு இருந்தது. பல் செட் கட்டும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எங்கே சந்திக்கின்றன என்று பார்ப்பதற்காகக் கடிக்கக் கொடுப்பது. மாமா அதில் என் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, குட்டி லாடம் போல வளைத்து, வெந்நீரில் போட்டு எடுத்தார். அம்மா பொட்டுவைப் பழைய துண்டில் தலை மட்டும் தெரியும்படி சுற்றி மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"டேய், கடிச்சிரப் போவுது. பாத்துடா."

"கடிக்கணும்னுதானக்கா வெக்கறேன்."

முதல் தடவை பொட்டு மெழுகைத் துப்பிவிட்டது. இரண்டாவது தடவை கடித்தது. மாமாவிடமிருந்து "ஸ்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மெழுகை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் தண்ணீர்க் குடத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினார். மெழுகுக் கத்தி பட்டுவிட்டது என்றார்.

பிறகு டியூப் லைட்டின் கீழே மெழுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இன்றைக்கும் அது என் கண்ணில் இருக்கிறது. முன்பற்கள் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். கோரைப் பற்கள் இருந்த இடத்தில் ஆழமாக இரண்டு குழி. இரண்டு ஓரத்திலும் ரம்பம் வைத்தது போன்ற தடம். அந்த இரண்டு ரம்பத்தின் உள்பக்கத்திலும் எதிரெதிராக ஒரு சின்னக் கீறல்.

மாமாவின் முகம் மாறிவிட்டது. தெரு மக்களிடம் தலை சாய்த்துக் கேட்கும் மாமா அல்ல அவர். "இத பாரு பாப்பா. எந்தப் பல்லும் இப்பிடிக் குறுக்கால மொளைக்காது. இங்கேர்ந்து கோடு போட்டா நேரா அந்தப் பக்கத்துக் கீறல்ல போய் நிக்குது. ஸ்கேல் வெச்ச மாதிரி. இது அதோட சரக்கு இல்ல, வெளிலேர்ந்து வந்தது."

மறுபடி பொட்டுவைத் துண்டில் சுற்றினோம். நான் டார்ச் அடித்தேன். இந்த முறை மாமா தயங்கவில்லை. இடது கையால் மேல் தாடையைத் தூக்கி, வளைந்த மூக்குள்ள இடுக்கியை நேராக அண்ணத்துக்குக் கொண்டுபோனார். ஒரு சிறிய சத்தம் கேட்டது. இடுக்கியின் நுனியில் வெள்ளையாக ஒரு மீன் முள். இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பாலம் போல மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. 7.05க்கு எடுத்தார். 7.20க்குப் பொட்டு தயிர்ச்சாதத்தை நக்கியது, 7.30க்கு மீனைத் தின்றது. அந்தப் பக்கத்தில் நான் வேறொன்றும் எழுதவில்லை.

அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையோடு பல்பொடியில் கிராம்புத் தைலத்தைக் குழைத்து அந்த வாயைச் சுத்தமாகத் தேய்த்துவிடலாம் என்று கிளம்பினாள். மாமா டப்பாவைப் பிடுங்கி வைத்தார். "துப்பத் தெரியாத வாய்க்கு அதெல்லாம் போடக் கூடாதுக்கா. எல்லாம் வயித்துக்குத்தான் போவும்." வாரம் ஒருநாள் உதட்டைத் தூக்கி ஈறு சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தினமும் ஈரத் துணியை விரலில் சுற்றிப் பல்லின் வெளிப்பக்கத்தைத் துடைத்தால் காரை பிடிக்காது, முள்ளை எடுத்துவிட்டுத்தான் மீன் வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். இப்போது அடையாறில் என் பூனைக்குக் கோழி வாசனையடிக்கும் பேஸ்ட்டும் குட்டிப் பிரஷ்ஷும் இருக்கின்றன. அதைக் கற்றுக்கொடுத்த கால்நடை மருத்துவர் சொன்னதில் முக்கால்வாசி, மாவு வாய்களை மட்டுமே பார்த்திருந்த மாமா அன்றைக்கு ஊகமாகச் சொன்னதுதான்.

"நாளைக்குக் காலைல மொதல் தடவ தொடைக்கறப்ப நானும் கூட இருக்கேன்" என்றும் சொன்னார்.

முள்ளை ஒரு எவர்சில்வர் மூடியில் வைத்து நானும் மாமாவும் கீழே கொண்டுபோனோம். வீட்டுக்காரம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"முள்ளு சரி. உன்னிய கடிச்சுதா? அத சொல்லு மொதல்ல. கடிச்சிருந்தா வேற பேச்சே கெடையாது, இப்பவே கெளம்பிடணும் அது."

"அட நீ வேறம்மா. பச்சக் கொழந்த கணக்கா வாயத் தொறந்து குட்துச்சு. வேணும்னா உன் பல்லயும் பாத்துடலாமா, இடுக்கி கையிலதான் கீது."

"போடா, வாயப் பாரு" என்று வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். "சரி, பத்து நாளு பாப்போம். அதுக்குள்ள மறுபடி ஜொள்ளு ஊத்திச்சு, நானே கோணியோட வருவேன்."

மூடியை மாமா இடது கையில் பிடித்திருந்தார். வலது கை பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. அவர் வலது கைக்காரர்.

படியேறும்போது அந்தக் கையை நான் இழுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே, இரண்டு ஓட்டை. கத்தி பட்டால் கோடுதானே விழும் என்று கேட்டேன். மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டைரில எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல."

"எழுதாத. உங்கம்மாவுக்குக் கூடத் தெரியக் கூடாது. நீ எழுதுறத எல்லாரும் எடுத்துப் படிக்கறாங்க."

டாக்டர் தம்பியைப் பூனை கடித்துவிட்டது என்று தெரிந்தால் தெருவில் மானம் போய்விடும் என்று அவர் வெட்கப்படுவதாக நினைத்தேன். அவர் டாக்டரே இல்லை என்ற ரகசியத்தோடு இதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். ஒரே நாளில் ஒருவருக்கு இரண்டு அவமானம் என்று பாவமாகக்கூட இருந்தது. அந்த முள் மட்டுமே எச்சிலுக்குக் காரணம் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதோ, சொல்ல முடியாத ஒன்றுக்குத் தன் உடம்பை ஈடு வைத்துவிட்டுத்தான் கீழே போய்ச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார் என்பதோ எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கே இரண்டு மாதம் கழித்து, துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எனக்கு அவள் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு.

மறுநாள், 13ஆம் தேதி, வியாழக்கிழமை. 5.50க்கு எழுந்தேன். தண்ணீர் அடிப்பதற்கும் முன்னால், முதல் வேலையாக, கஞ்சி போகத் துவைத்த வெள்ளைத் துணியை விரலில் சுற்றி நனைத்துக்கொண்டு பொட்டுவின் உதட்டைத் தூக்கினேன். இடது பக்கம் நான்கு தடவை, வலது பக்கம் மூன்று. அதற்குள் ஓடிவிட்டது. மாமாவின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. லேபில் அவசர வேலை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் ஐந்தரைக்கே போயிருந்தார். நாயோ பூனையோ கடித்தவர்களுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்றோ, அரசு ஆஸ்பத்திரியில் அதற்கான வரிசை அந்த நேரத்திலேயே நிற்கத் தொடங்கிவிடும் என்றோ, தொடர்ந்து எத்தனையோ காலைகள் அவர் அந்த வரிசையில் நிற்கப்போகிறார் என்றோ எனக்குத் தெரியாது. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து, அன்றைய முதல் வரியாக அவர் மேல் ஒரு புகார் எழுதினேன்: "6.05. பொட்டுவின் பல் துடைத்தாயிற்று. கூட இருப்பதாகச் சொன்ன மாமா இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை."