மகனைத் தூங்கவிடாத சுபாப்

சுபாப் அக்காவைப் போலத் தூங்கியவள் எங்கள் ஊரில் வேறு ஒருத்தி கிடையாது. நாற்று நடும் நாளில் வரப்பில் கொஞ்சம் சாய்ந்தாலே குறட்டை வந்துவிடும். தன் கல்யாணத்தில் பிக்குகள் ஓதிக்கொண்டிருக்கும்போதே கும்பிட்ட கையோடு தூங்கி, மாப்பிள்ளையின் தோளில் விழுந்தவள். அந்த மாப்பிள்ளை இரண்டு பையன்களையும் அவள் தலையில் கட்டிவிட்டு வேறொருத்தியோடு கடற்கரைப் பக்கம் ஓடிப்போனான். சுபாப் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாள். எழுந்து வந்து, "பசிக்குது லம்துவன், என்ன வெச்சிருக்க?" என்று என்னிடம் கேட்டாள். என் கடை அவள் வீட்டுக்கு நேரெதிரே. அவள் வீட்டில் நடக்கிற எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது.

அப்படிப்பட்டவள் ஒரே ராத்திரியில் தூக்கத்தைத் தொலைத்தாள்.

மூத்தவன் தாவோன் பாங்காக்கில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது, மாடு மாதிரி உடம்பு. நடவுக்கென்று ஊருக்கு வந்தவன், நாள் முழுக்க வயலில் நின்றான். சுட்ட மீனும் ஒட்டரிசிச் சோறும் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தான். விடிந்து எழுப்பினால் உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறது. ராத்திரி மூன்று மணி வாக்கில் அவன் தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வந்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த சுபாப் அதைக் கேட்டாள். குறட்டை விடுகிறான் என்று நினைத்தாள்.

"கேட்டேன் லம்துவன். என் காதுல நல்லா விழுந்துச்சு. கைய நீட்டினா எட்டுற தூரம். நான் திரும்பிப் படுத்துட்டேன்."

இதை அவள் என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். முதல் பத்து தடவை நானும் அழுதேன். பிறகு கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோகப் பழகிக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்திலேயே பக்கத்து ஊரில் இன்னும் இரண்டு ஆண்கள் தூக்கத்தில் போனார்கள். அதற்குமேல் யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. கைம்பெண் பேய் வந்துவிட்டது. புருஷன் இல்லாமல் செத்தவள், திடகாத்திரமான ஆணாகப் பார்த்துத் தூக்கத்தில் இழுத்துக்கொண்டு போவாள். பரிகாரம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாசலில் சிவப்புச் சட்டையைத் தொங்கவிட்டு, 'இந்த வீட்டில் ஆம்பளை இல்லை' என்று அட்டையில் எழுதி மாட்ட வேண்டும். வீட்டு ஆண்கள் ராத்திரி படுக்கப் போகுமுன் விரல் நகமெல்லாம் சிவப்புச் சாயம் பூசிக்கொள்ள வேண்டும். பேய் வந்து தடவிப் பார்த்துவிட்டு, இது பொம்பளை என்று திரும்பிப் போய்விடும். என் கடையில் இருந்த நகச்சாயம் இரண்டே நாளில் தீர்ந்துபோனது.

என் வீட்டுக்காரர் பூன்மாவுக்கு எல்லாமே விளையாட்டு. "அவ வேணும்னா என்னைக் கூட்டிட்டுப் போகட்டும்டீ. மூணாம் நாளே கொண்டாந்து வாசல்ல இறக்கிட்டு ஓடிருவா" என்றார். வாயை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொன்னேன். பத்து நகத்துக்கும் நான்தான் பூசினேன். அந்தக் கையோடு விடியற்காலைச் சந்தைக்கு மீன் எடுக்கப் போனார். மீன்காரிகள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு மாப்பிள்ளை பேசினார்களாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சுபாப்பின் இளையவன் பிரசித்துக்கு அப்போது இருபத்துநாலு வயது. கரும்பு லாரி ஓட்டுகிறவன். அண்ணன் அப்படிப் போனதால் இவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். இதயத்தின் ஓட்டம் திடீரென்று தடுமாறுகிற வியாதி ஒன்று இந்தப் பக்கத்து ஆண்களுக்கு ரத்தத்தில் வருவதுண்டு என்று டாக்டரம்மா சொன்னாள். இவனுக்கு எடுத்த படத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும், உடம்பை வருத்தாமல் நன்றாகத் தூங்க வேண்டும் என்றாளாம். இத்தனையிலும் சுபாப்பின் காதில் விழுந்தது 'நிச்சயமாகச் சொல்ல முடியாது' ஒன்றுதான்.

அன்றைக்குத் தொடங்கினாள். பிரசித்தின் கொசுவலைக்குள் கையை விட்டு அவன் நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவன் மூச்சு கொஞ்சம் இழுத்தால் உலுக்குவாள். புரண்டால் உலுக்குவாள். முனகினால் கன்னத்தில் அறைவாள். "பேர் சொல்லு! உன் பேர் என்ன?" என்பாள். அவன் பேரைச் சொன்ன பிறகுதான் படுக்கவிடுவாள். எதிர்வீட்டில் ராத்திரிக்கு ஆறேழு தடவை அவன் தன் பேரைச் சொல்வது எங்களுக்குக் கேட்கும்.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. முதலில் அவளுக்குத் தெம்பு சொன்னவள் நான்தான். "முழிச்சிரு அக்கா. பகல்ல தூங்கிக்கோ" என்றேன். ஆனால் பகலில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. விழித்தே இருந்து பழகியவளுக்குத் தூங்குவது எப்படி என்றே மறந்துவிட்டது. விகாரையின் பெரிய பிக்கு, மூச்சை எண்ணச் சொன்னார். அவள் தன் மூச்சை விட்டுவிட்டு மகனுடைய மூச்சை எண்ணினாள். ஆஸ்பத்திரியில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பினாள். "இதப் போட்டுட்டா எனக்குக் காது கேக்காதே" என்றாள். தூக்கத்துக்கு நல்லதென்று நான் கொன்றை இலைக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். கசப்பை மோந்துபார்த்தே கண்டுபிடித்து நாய்க்கு ஊற்றிவிட்டாள். இரண்டு நாள் அந்த நாய் மட்டும் நிம்மதியாகத் தூங்கியது.

பிரசித்துக்குக் கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று ஊரில் சொன்னார்கள். சுபாப்பும் சம்மதித்தாள். ஆனால் தரகுக்காரியிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "பொண்ணு எப்படி இருந்தாலும் சரி. தூக்கம் கம்மியா இருக்கணும்." தரகுக்காரி அதோடு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

டிசம்பரில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. ஆலை வாசலில் லாரிகள் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வரிசையில் நிற்கும். ஓட்டுநர்கள் லாரிக்கு அடியிலேயே தூளி கட்டிப் படுத்துக்கொள்வார்கள். அங்கேயாவது தூங்கலாம் என்று பிரசித் நினைத்தான். சுபாப் மணிக்கு ஒரு தடவை போன் செய்தாள்.

"உன் பொண்டாட்டி கூப்பிடறாடா, எடு" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். ஒரு ராத்திரி அவன் போனை அணைத்துவிட்டான். இரண்டு மணிக்குச் சுபாப் எங்கள் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். பூன்மா உடனே எழுந்து, மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி வைக்கிற பக்கவண்டியில் அவளை உட்காரவைத்து, முப்பது கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போனார். அவள் லாரி லாரியாகக் குனிந்து பார்த்து, கடைசியில் மகனைக் கண்டுபிடித்து உலுக்கினாளாம். அந்த வரிசையில் யாரும் சிரிக்கவில்லை என்று பூன்மா வந்து சொன்னார். "அந்தப் பையன் முகத்தப் பாத்தேன்டீ. பாக்க முடியல." அன்றைக்குத்தான் அவர் கேலி பேசாமல் படுத்ததை நான் பார்த்தேன்.

ஜனவரியில் பிரசித் ஒருநாள் கடைக்கு வந்தான். கண் இரண்டும் பழுத்திருந்தன. தூக்கம் வராமலிருக்கக் குடிக்கிற பாட்டிலில் இரண்டை அடுத்தடுத்துக் குடித்தான்.

"சித்தி, நீங்க சொன்னா அம்மா கேக்கும். கொஞ்சம் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"எனக்குப் பேய்கிட்டப் பயம் இல்ல சித்தி. அம்மாகிட்டத்தான் பயம். கண்ண மூடினாலே, எப்ப அடி விழும்னு இருக்கு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். சுபாப் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உனக்குப் புள்ள இல்ல. உனக்குப் புரியாது" என்றாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு மாதம் அவளோடு பேச்சை விட்டேன். பேசாமல் இருந்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. பேசியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று அடுத்த நிமிஷமே தோன்றுகிறது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி. ஆலையில் இரண்டு நாள் கிடந்துவிட்டுப் பிரசித் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தான். நாலு மணிக்கு அடுத்த லோடு. அவன் அம்மாவிடம் கெஞ்சியது எங்கள் அறைவரை கேட்டது.

"இன்னிக்கு ஒரு ராத்திரி விட்டுரும்மா. கால்ல விழறேன். அஞ்சு மணி நேரம். செத்தாலும் பரவால்ல, தூங்கிட்டுச் சாகறேன்."

"சரிடா. தூங்கு. நான் தொடமாட்டேன். சத்தியமா."

அவள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்: கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஆனால் நாள்கணக்கில் தூங்காதவன் அன்றைக்குச் சத்தமே இல்லாமல், அசைவே இல்லாமல் தூங்கினான். அவன் அப்படித் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. இருட்டில் மூச்சு கேட்கவில்லை. ஒரு நிமிஷம் பொறுத்தாள். இன்னொரு நிமிஷம் பொறுத்தாள். அப்புறம் அலறிக்கொண்டு அவன்மேல் விழுந்தாள்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். திட்டவில்லை. யாரும் கேட்காமலே தன் பேரைச் சொன்னான். சட்டையை மாட்டிக்கொண்டு லாரியைக் கிளப்பினான். மணி இரண்டரைதான் ஆகியிருந்தது.

தோட்டத்தில் லோடு ஏற்றிக்கொண்டு நாலரை மணிக்குக் கால்வாய் வளைவில் வந்தான். வளைவில் லாரி திரும்பவில்லை. நேரே எதிர்ப்பக்கத்துக்குப் போனது. எதிர்ப்பக்கத்தில் பூன்மா சந்தையிலிருந்து மீனோடு வந்துகொண்டிருந்தார்.

அதற்குமேல் அந்த இடத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

பிரசித்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. கரும்பு சரிந்த சத்தத்தில்தான் அவனுக்கு விழிப்பு வந்ததாம். போலீஸ் கேட்டதற்கு, "தூங்கிட்டேன்" என்று மட்டும் சொன்னான். ஏன் தூங்கினான் என்று சொல்லவில்லை. அம்மாவின் பேரை எடுக்கவே இல்லை. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னவள் சுபாப்தான். "ஐயா, நான்தான் அவனத் தூங்கவிடல. என்னப் புடிச்சு உள்ள போடுங்க" என்றாளாம். பாட்டியம்மா, வீட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பார்க்கப் பாட்டியாகத்தான் இருந்தாள்.

பிணம் வீட்டில் இருந்த மூன்று நாளும் அவள் என் வாசலில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளை உள்ளே கூப்பிடவில்லை. போகவும் சொல்லவில்லை.

கைம்பெண் பேய்க்கு நடுங்குகிற ஊர், உயிரோடிருக்கிற கைம்பெண்ணை ஒரு வாரத்தில் மறந்துவிட்டது. எனக்கும் தூக்கம் போனது. கட்டிலில் எப்போதும் நான் படுக்கிற பக்கமே படுப்பேன். அவர் பக்கம் கால் போனால் விழித்துக்கொள்வேன். பிறகு விடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சந்தைக்குப் போகிற வண்டிகளின் சத்தம் மூன்று மணிக்குத் தொடங்கும். அது முடிந்த பிறகுதான் எழுந்து அடுப்பு பற்றவைப்பேன்.

ஏப்ரலில் ஊர்த்தலைவர் ஒரு காகிதத்தோடு வந்தார். பிரசித் அதுவரை சிறையில்தான், வழக்கு அடுத்த மாதம் வருகிறது. செத்தவரின் மனைவி, எனக்கு ஆட்சேபம் இல்லை, மன்னித்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டால், நீதிபதி தண்டனையை நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று வக்கீல் சொல்கிறாராம். "சின்னப் பையன் லம்துவன். யோசிச்சுப் பாரு" என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்று காகிதத்தை வாங்கிப் பெட்டிக்கு அடியில் போட்டேன். அவன் நல்லவன் என்று எனக்குத் தெரியும். இருந்தும் மனசு வரவில்லை. கிடக்கட்டும் உள்ளே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை.

பதினைந்து நாள் கழித்துச் சுபாப் வந்தாள். சிறையில் அவனைப் பார்த்துவிட்டு நேரே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். கையெழுத்துக்காகக் கெஞ்சப் போகிறாள் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கடைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. எத்தனையோ நாளாக நான் அதைப் பார்த்ததில்லை.

"லம்துவன், அவன் தூங்கறானாம். ஒரே ரூம்ல நாப்பது பேராம். தோளோட தோள் ஒட்டிப் படுக்கறாங்களாம். ராத்திரி முழுக்க வெளக்க அணைக்கவே மாட்டாங்களாம். எவனாவது முனகினா பக்கத்துல இருக்கறவன் ஒரே ஒதை, எழுப்பிடுவானாம். கன்னம்கூடக் கொஞ்சம் வெச்சிருக்கு அவனுக்கு."

நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காகிதம் உங்கிட்ட இருக்குன்னாங்க."

"இருக்கு."

"போடாத." என் காலைப் பிடித்துக்கொண்டாள். "கையெழுத்துப் போட்டுடாத லம்துவன். அங்கயே இருக்கட்டும். அங்க அவன் சாகமாட்டான். நான் ஒருத்தி, நாப்பது பேர் ஆக முடியுமா?"

எனக்கு வந்ததே ஒரு கோபம். என் புருஷனைக் கொன்றவனை மன்னிக்காமல் இருக்கிறேன். எனக்கென்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் இவள் தன் மகனுக்குக் காவல் போடக் கேட்கிறாள். காலை உதறிக்கொண்டு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். பெட்டியைத் தள்ளிக் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அழுத்திப் போட்டதில் காகிதம் கிழிந்தது. அவன்மேல் இரக்கப்பட்டா, அவளைப் பழிவாங்கவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விடிந்ததும் ஊர்த்தலைவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீதிபதி தண்டனையை நிறுத்திவைத்துவிட்டார். காகித வேலைகள் முடிந்து பிரசித் வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறான். எதிர்வீட்டில் மூன்று நாளாகப் பகலெல்லாம் ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. உடம்புக்கு என்னவோ என்று நேற்று எட்டிப் பார்த்தேன். சுபாப் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பாயில் படுத்திருந்தாள். தூங்கவில்லை. பகலில் தூங்கப் பழகுகிறாளாம், ராத்திரி விழித்திருக்க வேண்டுமே என்றாள்.