மேனேஜருக்குச் சொன்ன வாக்கியம்

போன வாரம் சிங்கப்பூரில், ஈசூன் பேட்டையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு ஒரு கல்யாணக் கார்டு வந்தது. சிவப்பு உறை, மேலே தங்க நிறத்தில் சீன எழுத்து, உள்ளே இங்கிலீஷ். என் மகள் செல்வி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்துச் சொன்னாள். தாங்கள் வருகை தந்தால் பெருமகிழ்ச்சி அடைவோம், வர இயலுமா என்று தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம் என்று அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. என்னோடு வேலை பார்த்த சீனக்காரி ஆ மோயின் பேரனுக்குக் கல்யாணம். அனுப்பியிருந்தது ஆ மோயின் மகன்.

கார்டை வாங்கி முகர்ந்து பார்த்தேன். ஆ மோய் கைபட்ட எதுவும் சீன மருந்தெண்ணெய் வாசம் அடிக்கும். இதில் அச்சு மை வாசம்தான் இருந்தது. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, எண்ணெய் வாசம் எங்கிருந்து வரும்?

அந்த வாசத்தோடுதான் எனக்கு அவளைப் பழக்கம். ஜாலான் புசாரில் தரை ஓடு விற்கிற ஒரு கம்பெனி. கீழே கடை, மேலே இரண்டு மாடி ஆபீஸ். நான் காப்பி கலக்கி, கோப்பை கழுவி, மேசை துடைப்பேன். ஆ மோய் படிக்கட்டும் கக்கூசும் கழுவுவாள். யார் வேலை உசத்தி என்று முதல் மாதம் முழுக்க முறைத்துக்கொண்டோம். என் வேலைதான் உசத்தி. அதை அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்குள் பாதி மலாய், பாதி இங்கிலீஷ். அந்த இங்கிலீஷில் 'கேன்' என்ற ஒரு சொல் போதும், முடியுமா என்பதற்கும் முடியும் என்பதற்கும்; கூடவே நம் 'ப்பா' மாதிரி ஒரு 'லா'. "டுமாரோ ஐ லேட், கேன்?" "கேன் லா." "யூ வாஷ் மை கப், கேன்?" "நோ கேன். யூ காட் ஹேண்ட்." பதினேழு வருஷத்துக்கு இது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. மத்தியானம் ஆனால் என் டிபன் கேரியரைத் தட்டி, "மாரி மாக்கான்" என்பேன். வா, சாப்பிடு என்று மலாயில் அர்த்தம். அவள் பதில்கூடச் சொல்ல மாட்டாள், கரண்டியோடு வந்து உட்காருவாள். வெள்ளிக்கிழமை எனக்காக அவளும் சைவம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது செல்வி ஒன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் ஆபீஸ் சமையல் மூலைக்கு வந்துவிடுவாள். மேசைக்கு அடியில் உட்கார்ந்து அவள் வீட்டுப்பாடம் எழுத, ஆ மோய் பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்து ஊட்டுவாள். பெற்றவள் நான் இங்கே நிற்கிறேன், பிள்ளை அவள் மடியில். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அப்படி வளர்ந்த செல்விக்குத்தான் கல்யாணம் கூடிவந்தது.

ஆபீஸில் எல்லாருக்கும் கார்டு வைக்க வேண்டும். மேனேஜர் இங்கிலீஷ்காரர். நமக்குத் தெரிந்ததோ "யூ கம்". கணக்குப் பகுதியில் டைப் அடிக்கிற புஷ்பம் அக்காவிடம் போய் நின்றேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பார்.

"மேனேஜரிட்டப் போய் 'யூ கம்' எண்டு சொல்லிப்போடாதையும் தங்கச்சி. அது ஏவுற மாதிரிக் கிடக்கும். 'வுட்' போடும், 'குட்' போடும். வராமல் விடுறதுக்கும் அவைக்கு ஒரு வழி விட்டுத்தான் கேக்கவேணும். அதுதான் இங்கிலீஷில மரியாதை."

"வராம இருக்க வழியா? நாங்க வழியை அடைச்சிட்டுத்தான்கா கூப்பிடுவோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார். வீ வுட் பி வெரி ஹேப்பி இஃப் யூ குட் கம். தாங்கள் வர முடிந்தால் மிகவும் மகிழ்வோம் என்று அர்த்தம். இரண்டு நாள் கெட்டிலைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். கெட்டில் விசிலடிப்பதற்குள் மூன்று தடவை சொல்லிவிடுவேன்.

மூன்றாம் நாள் தட்டில் குங்குமம், கற்கண்டு, கார்டு வைத்து மேனேஜர் அறைக்குப் போனேன். வாக்கியம் தடங்கலில்லாமல் வந்தது. மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. ஒவ்வொரு மேசையாக அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன், சப்பரத்தில் சாமி வருகிற மாதிரி. கடைசியில் எங்கள் மூலை. ஆ மோய் துடைப்பத்தை அலசிக்கொண்டிருந்தாள். வந்த வேகத்தில் அவளிடமும் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "வீ வுட் பி வெரி ஹேப்பி இஃப் யூ குட் கம்."

அவள் கையைப் பாவாடையில் துடைத்தாள். கார்டை வாங்கினாள். "தேங்க் யூ" என்றாள்.

பதினேழு வருஷத்தில் எங்களுக்குள் அந்தச் சொல் புழங்கியதே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சிராங்கூன் ரோட்டுக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். முதல் நாளே வந்து செல்வி பக்கத்தில் நிற்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் முகூர்த்தத்துக்குத்தான் வந்தாள், ஆபீஸ்காரர்களோடு. புதுச் சட்டை போட்டு, அவர்கள் வரிசையில் கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்தாள். பூப்போட்ட சுடுதண்ணீர் ஃப்ளாஸ்க் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு இலை போடும்போது தேடினேன். மேனேஜர் கிளம்பினபோதே கிளம்பிவிட்டாளாம். செல்வி மணவறையில் இருந்தபடியே, "ஆன்ட்டி எங்கம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

திங்கட்கிழமை தரை துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தாள். "எக்ஸ்க்யூஸ் மீ. குட் யூ ப்ளீஸ் லிஃப்ட் யுவர் லெக்?"

நான் காலைத் தூக்கினேன். வேறு என்ன செய்வது?

மறுநாள், "வுட் யூ மைண்ட், தி பக்கெட்?" அதற்கு மறுநாள், "ஐ வுட் பி வெரி ஹேப்பி இஃப் யூ குட் க்ளோஸ் தி டோர்." பள்ளிக்கூடத்துப் பிள்ளையான மகனை உட்காரவைத்துத் தினம் ஒன்று கேட்டு வந்திருக்கிறாள், பாவி. மேனேஜரின் காரியதரிசி அந்த வழியாகப் போகும்போது, "இவ்வளவு மரியாதையாப் பேசுறாங்களே" என்று மெச்சிவிட்டுப் போனாள். சிரிக்கிறதா அழுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். மத்தியானம் அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அதுதான் தாங்கவில்லை. ஒரு மாதம் என் கேரியரில் பாதி மிஞ்சி வீட்டுக்குப் போனது.

புஷ்பம் அக்காவிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்க இன்னொரு வாக்கியம் கொடுத்தார். முதல் வாக்கியத்தைவிட நீளம், அதில் 'வுட்' இரண்டு இடத்தில் வந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் இந்தத் தடவை கெட்டிலிடம் சொல்லிப் பார்க்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. கேரியரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். அவள் உட்கார்ந்திருந்த படியிலேயே வைத்துத் திறந்தேன்.

"மாரி மாக்கான். யூ நோ ஈட், ஐ த்ரோ."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வுட் யூ லைக் மீ டு ஈட்?"

"ஈட் லா. ஐ கேரி த்ரீ ஃப்ளோர், மை நீ பெயின்."

சிரித்துவிட்டாள். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. கத்தரிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "யூ ஆஸ்க் மீ லைக் ஆஸ்க் பாஸ். ஐ திங்க், யூ வாண்ட் மீ சே நோ."

அவள் வர வேண்டாம் என்று நினைத்துத்தான் நான் அப்படிக் கேட்டேன் என்று எண்ணியிருக்கிறாள். புஷ்பம் அக்கா வைத்த வழியைப் பார்த்து, நான் அவளுக்கு வாசலைக் காட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வி வீட்டுக்கு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கேட்கவே இல்லை.

அந்த ஆபீஸ் இப்போது சின்ன ஹோட்டல். லிட்டில் இந்தியாவுக்குப் பூ வாங்கப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். எங்கள் மாடிப்படியில் கம்பளம் போட்டிருக்கிறார்கள். கவுண்டரில் இருந்த பெண், எனக்கு எந்த வகையில் உதவலாம் என்று இங்கிலீஷில் அவ்வளவு பணிவாகக் கேட்டாள். நல்ல பெண்தான். சும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கார்டுக்கு வருவோம். செல்வி போனில் பதில் அடித்து வாசித்துக் காட்டினாள். அம்மா தங்கள் அன்பான அழைப்பை ஏற்று வருவதில் பெரிதும் மகிழ்கிறார் என்று 'வுட்' போட்டு எழுதியிருந்தாள்.

"அதை அழி. 'கேன் லா'ன்னு போடு."

"அம்மா, மரியாதையா இருக்காதும்மா. அவன் இப்ப பெரிய வேலையில இருக்கான்."

"ஆ மோய் மகன்தானே? போடு."

முனகிக்கொண்டே போட்டாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. தங்கள் கனிவான பதிலுக்கு மனமார்ந்த நன்றி, தங்களுக்குச் சைவ உணவு ஏற்பாடு செய்ய வேண்டுமா என்பதைத் தெரிவிக்க இயலுமா என்று.

தம்பி, உங்கம்மா இருந்திருந்தால் இதற்கு உன்னிடம் ஒரு மாதம் இப்படியே 'வுட்', 'குட்' போட்டுப் பேசிக்காட்டியிருப்பாள்.