லெஸ்டரின் பச்சைச் சீட்டு

எங்க பார்லோ தெருவுல லெஸ்டர் ட்ரிக் மாதிரி ஒரு வெட்டிப் பந்தாக்காரன் இனிமே பொறந்துதான் வரணும். தண்ணி மீட்டர் ஆபீஸ்ல ஆயுசு பூரா நாற்காலியைத் தேய்ச்சுட்டு ரிட்டயர் ஆனவன். அவன் பெண்டாட்டி டெஃப்னி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு அக்கா வீட்டுக்கே போய்ட்டா. அவளைக் குத்தம் சொல்லமாட்டேன். அப்புறம் இவனுக்குப் பொழுது போகணுமே? வட்டில் க்ரீக் நகராட்சி மாசாமாசம் வீட்டுக்கு வீடு போடற செய்தித்தாள்ல 'தெருத் தொண்டர் தேவை'ன்னு வந்தது. ஓடிப்போய்ச் சேர்ந்துட்டான். ஒரு ஆரஞ்சுச் சட்டை கொடுத்தாங்க. அன்னையிலேர்ந்து ரொட்டி வாங்கப் போனாலும் அதுதான்.

தொண்டு என்னன்னா, மத்தவங்க குப்பைத்தொட்டி மூடியைத் தூக்கிப் பார்க்கறது. மறுசுழற்சிக்குன்னு இருக்கற மஞ்சள் மூடித் தொட்டியில பீட்சா டப்பாவைப் போட்டுட்டா உடனே கதவைத் தட்டுவான்.

"கிளெனிஸ், இந்த அட்டையில எண்ணெய் இருக்கு."

"இருந்தா நக்கிக்கோ" ன்னேன்.

அதையும் நகராட்சிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கான், அல்பம்!

எங்க ஊர்ல வருஷத்துக்கு ஒரு தடவை பழைய சாமான் வாரம் வரும். உடைஞ்ச சோபா, மெத்தை, ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற புல்தரையில போட்டுடுவோம். புல்தரைக்கு வந்துட்டா அது யாரோடதும் இல்ல. வேணுங்கறவங்க தூக்கிட்டுப் போவாங்க, மிச்சத்தை லாரி அள்ளிப் போட்டு நசுக்கிடும். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையே அப்படி வந்ததுதான். இந்த வருஷம் நகராட்சிக்குப் புதுசா ஒரு ஞானம் பொறந்தது: தொண்டர் பச்சைச் சீட்டு ஒட்டினதை மட்டும்தான் லாரி எடுக்குமாம். லெஸ்டர் கையில பச்சைச் சீட்டு! கேக்கணுமா? மந்திரி மாதிரி நடந்தான்.

எதிர்வீட்டு நொரீனுக்கு இடுப்பெலும்பு போச்சு, கம்பு இல்லாம நடக்கமுடியாது. அவ புருஷன் ரெக், மேட்டுல இருக்கற முதியோர் இல்லத்துல இருக்காரு. ஞாபகமெல்லாம் போய், யாரு பேரும் தெரியாது. ஆனா நொரீன் கையால ஊட்டினா மட்டும்தான் சாப்பாடு இறங்கும். நர்ஸுங்க கொஞ்சிப் பார்த்தாச்சு, மிரட்டிப் பார்த்தாச்சு, மனுஷன் வாயைத் திறக்கவே மாட்டாரு. அதனால தினம் மத்தியானம் இவ அங்க போயாகணும். நகராட்சியோட இரவல் திட்டத்துல மாசக்கணக்காக் காத்துக்கிடந்து நடக்கமுடியாதவங்க உட்கார்ந்து ஓட்டற ஒரு பாட்டரி வண்டி வாங்கினா. சீட் கிழிஞ்சு டேப் ஒட்டின வண்டிதான், ஆனா அதுல அவ போறதைப் பார்க்கணும், மகாராணி!

அன்னைக்கும் வண்டியை வெளியே கொண்டுவந்து புல்தரையில நிறுத்தினா. ரெக்குக்கு எடுத்துவெச்ச கஸ்டர்டை மறந்துட்டோம்னு கம்பை ஊனிக்கிட்டு உள்ள போனா. லாரிக்கு முன்னாடி நம்ம பெரிய மனுஷன் வந்தான். வண்டியில இருந்த கிழிசலையும் டேப்பையும் பார்த்து உச்சுக் கொட்டினான். பளிச்சுன்னு ஒரு பச்சைச் சீட்டை ஒட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்ட்டான். சமையலறை ஜன்னல்லேர்ந்து நான் பார்த்துட்டேன்.

"டேய் லெஸ்டர்! அது நொரீன் வண்டிடா, பாவி!" ன்னு ஈரக்கையோட ஓடினேன். என் முழங்காலை வெச்சுக்கிட்டு எங்க ஓடறது? லாரி போட்ட சத்தத்துல யாருக்கும் கேக்கல. நான் ரோட்டைத் தாண்டறதுக்குள்ள வண்டி நொறுங்கிப்போச்சு. நொரீன் கஸ்டர்ட் கிண்ணத்தோட வெளியே வந்தா.

"என் வண்டி எங்க, கிளெனிஸ்?"

நான் லாரியைக் கை காட்டினேன்.

லெஸ்டர் என்ன சொன்னான் தெரியுமா? "புல்தரையில இருந்துச்சு. விதிப்படிதான் ஒட்டினேன்." மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை? தூ! நகராட்சியைக் கேட்டா, திரும்பவும் வரிசையில முதல்லேர்ந்து நிக்கணுமாம். நான் கூட்டிட்டுப் போகலாம்னா, என் காரை எப்பவோ வித்துட்டேன். வாரத்துல ரெண்டு நாள் டாக்ஸிக்குத்தான் அவ பென்ஷன் தாங்கும். மத்த நாள்ல ரெக் வாயை இறுக்கி மூடிக்கிட்டாரு. கன்னம் ஒட்டிப்போச்சு.

அடுத்த மாசச் செய்தித்தாள் வந்தது. முதல் பக்கத்துல முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கிட்டு லெஸ்டர்: 'இந்த வருஷத்தின் சிறந்த தொண்டர்'! பேப்பரைக் கசக்கி எறிஞ்சேன். பாராட்டு விழாவுக்கு நொரீனையும் இழுத்துக்கிட்டு டவுன் ஹாலுக்குப் போனேன். தேங்காய்ப்பூ தூவின கேக்கும் டீயும் கொடுத்தாங்க. மேயரம்மா பட்டயத்தைக் கொடுத்துட்டு, "தெருக்காரங்க யாராவது ரெண்டு வார்த்தை பேசறீங்களா?" ன்னு கேட்டாங்க.

அவனைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடணும்னு நான் எழுந்திருக்கறதுக்குள்ள நொரீன் எழுந்துட்டா.

"லெஸ்டர் தங்கமான மனுஷன்," ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "என் வண்டிக்குத் தப்பா சீட்டு ஒட்டிட்டோமேன்னு பாவம், அவருக்குத் தூக்கமே இல்லையாம். இனிமே தினமும் தன் கார்லயே என்னை ரெக்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. நாளையிலேர்ந்து. இல்லையா லெஸ்டர்?"

அவன் எங்க சொன்னான்! அவளைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் தாண்டிப் போற பய. ஹால் முழுக்கக் கைதட்டல். மேயரம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "இதுதான் தொண்டு! அடுத்த மாசம் இதைப் பெருசா போடறோம்!" ன்னாங்க. போட்டோக்காரன் ஓடிவந்தான். லெஸ்டருக்குக் கேக் தொண்டையில அடைச்சுக்கிச்சு. தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாள் மத்தியானம் வாசல்ல ஹார்ன் சத்தம். இந்தக் கண்காட்சியை விடுவேனா? பின்சீட்டுல நானும் ஏறிக்கிட்டேன். ஆரஞ்சுச் சட்டையோடதான் வந்திருந்தான்.

ரெக் நொரீனைப் பார்த்ததும் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தாரு. நாலு வாய் இறங்கினதும் வாசல்ல நின்ன ஆரஞ்சுச் சட்டையை உத்துப் பார்த்தாரு.

"யாரு இது?"

லெஸ்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டு, பட்டயக் கதையைச் சொல்ல வாயெடுத்தான்.

நொரீன் திரும்பிக்கூடப் பார்க்கல. அடுத்த கரண்டியை நீட்டினா.

"என் வண்டிப்பா. நீ சாப்பிடு."